நீக்கப்படுவோர் யாவர்?

சென்னைத் தியாகராய நகரின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடப்பவர், ஒரு காலத்துக் கல்விப் போராட்டத்தையே படித்துவிடலாம். நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராய் இருந்த 1920-ஆம் ஆண்டில்தான், ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகட்கு நண்பகலுணவு இடும் ஏற்பாடு தோன்றிற்று. பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது அன்றைய செலவு வரம்பு. இன்று பூங்காவாய் நிற்கும் பனகல் அரசரின் ஆட்சியில், 1921-இல், வகுப்புவாரி ஆணை பிறந்தது. வேங்கடநாராயணா சாலைப் பூங்காவுக்குப் பெயராய் விளங்கும் மருத்துவர் நடேசனாரோ, திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்னும் மாணவர் விடுதியை நடத்தியவர். சென்னைக்குப் படிக்க வந்து, பிறப்பைக் காட்டி உண்டியும் உறையுளும் மறுக்கப்பட்ட இளைஞர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பாமற் காத்தது அவ்வில்லம்.

இவர்களுடைய கட்சி அரசியலில் குறை காண்பார் காணட்டும். ஓர் உண்மையை மூவரும் தெளிவாக உணர்ந்திருந்தனர். பள்ளிக்குள் நுழைவது ஒன்று. நுழைந்தவன் அங்கே நிலைப்பது மற்றொன்று. வாயிலைத் திறந்துவிட்டால் போதும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. பசி வெளியே தள்ளியது, சோறிட்டனர். விடுதி வெளியே தள்ளியது. வேறு விடுதி கட்டினர்.

அதே நகரில் இன்று, மாம்பலம் புகைவண்டி நிலையத்தை ஒட்டிய அரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தால், துணிக்கடைகளிலும் ஏனக்கடைகளிலும் காலை முதல் இரவு வரை நின்று வேலை செய்யும் இளைஞரையும் இளம்பெண்டிரையும் காணலாம். நெல்லை, தூத்துக்குடி முதலான தென்மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வந்தோர் இவர்களிற் பலர். 2010-ஆம் ஆண்டு வெளிவந்த ‘அங்காடித் தெரு’ என்னும் திரைப்படம் இவர்கள் வாழ்வை ஊரறியச் செய்தது. வேலைநேரத்தில் உட்காருவதற்கு ஓர் இருக்கை வேண்டும் என்பதற்கே 2021-இல் சட்டமன்றம் ஒரு சட்டத்திருத்தம் செய்ய வேண்டியதாயிற்று. இவ்விளையோருள் பள்ளிப்படிப்பை முடித்தவரும் உளர். முடியாமல் நின்றவரும் உளர். நின்றது ஏன் என்று கேட்டால், ‘படிப்பு ஏறவில்லை’ என்பதே பெரும்பாலும் விடை. அவ்விடையைத் தாமே சொல்கின்றனரா, பிறர் சொல்லக் கேட்டுக் கேட்டுத் தமதாக்கிக்கொண்டனரா என்பது ஆராயத்தக்கது.

2022-ஆம் ஆண்டு மேத் திங்களில், ஆசிரியரிடம் முறைகேடாக நடக்கும் மாணவர் பள்ளியினின்று நிலையாக நீக்கப்படுவர் என்றும், நீக்கத்தின் கரணியம் அவர்தம் மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் எழுதப்படும் என்றும் கல்வியமைச்சர் அன்பில் மகேசு பொய்யாமொழி சட்டமன்றத்தில் அறிவித்தார். வகுப்பறையில் ஆசிரியரை மாணவர் எள்ளி இழித்த காட்சிகள் கைப்பேசிகளிற் பரவியிருந்த நேரம் அது. ஆசிரியர் பட்ட இழிவு மெய்யே. அதை யாரும் மறுக்கவொண்ணாது. ஆயினும், பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் ஒருநாட் செய்த கீழ்மையை அவன் சான்றிதழின்மேல் அழியா மையால் எழுதி வைத்தால், அதன்பின் அவனைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி எது? அத்தாளை எடுத்துக்கொண்டு அவன் போகக்கூடிய இடம் எது? இவ்வினாக்களை அந்நேரத்தில் கேட்டவர் மிகச் சிலரே.

சட்டம் இதில் இருவேறாக நிற்கின்றது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையைத் தொடக்கக்கல்வி முடியுமுன் பள்ளியினின்று நீக்கலாகாது என்று தடுக்கின்றது. அடிப்பதையும் உள்ளத்தை வருத்துவதையும் விலக்குகின்றது. தேர்வில் தவறியவரை அதே வகுப்பில் நிறுத்திவைக்க இடந்தந்து 2019-இல் அச்சட்டம் திருத்தப்பட்ட போதும், நீக்கலாகாது என்னும் தடை அப்படியே விடப்பட்டது. இவையெல்லாம் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பின் வாயிற்படியில் அக்காப்பு முடிந்துவிடுகின்றது. தனியார் பள்ளிகளில் அச்சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் கட்டணமின்றிப் பயின்ற ஏழைப் பிள்ளைக்கும் அங்கேயே கணக்கு முடிந்துபோகின்றது. குரல் உடைந்து, மீசை அரும்பி, எதிர்த்துப் பேசும் பருவம் எதுவோ, அப்பருவத்திலேயே காப்பும் அற்றுப்போவதை என்னென்பது!

தமிழ்நாட்டில் நீக்கம் என்பது பெரும்பாலும் நீக்கம் என்னும் பெயரில் நடைபெறுவதன்று. ஆணையெழுதி, கரணியங்காட்டி, பெற்றோர்க்கு மடல் விடுத்து ஒரு பிள்ளையை வெளியேற்றும் பள்ளி அரிது. நடப்பது வேறு. பொதுத்தேர்வில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும் என்னும் வெறி பிடித்த பள்ளிகளில், ஒன்பதாம் வகுப்பின் இறுதியிலோ பதினோராம் வகுப்பின் இறுதியிலோ பெற்றோரை அழைப்பர். ‘உங்கள் பையன் இங்கே தேறமாட்டான், வேறிடம் பாருங்கள்’ என்பர். மக்கள் ‘டி.சி.’ என்று வழங்கும் மாற்றுச் சான்றிதழை, அவர்களே வேண்டிப் பெறுவதாக ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வர். எழுதத் தெரியாத தாயாயின் பள்ளியே எழுதிவைத்துக் கைந்நாட்டு மட்டும் பெறும். ஏட்டில் இது ‘பெற்றோர் விருப்பம்’. யாரும் யாரையும் நீக்கவில்லை! சிறந்த மதிப்பெண் பெற்றோரை வரிசைப்படுத்தி அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் அரசு கைவிட்டது நன்று. பள்ளிகளின் சுவரில் தொங்கும் தேர்ச்சி விழுக்காட்டுப் பதாகைகளோ இன்றும் இறங்கவில்லை.

கையெழுத்திடும் அத்தாய் யார்? வழக்கறிஞரின் மனைவியோ, அலுவலரின் மகளோ அல்லள். அவர்களிடம் அத்தாளை நீட்டப் பள்ளிக்குத் துணிவு வாராது. வீட்டுவேலை செய்பவள், கட்டட வேலைக்குச் செல்பவள், தெருக்கூட்டுபவள் ஆகியோரிடமே அது நீட்டப்படுகின்றது. இந்நாட்டில் அவ்வேலைகளைச் செய்வோர் பெரும்பாலும் எந்தக் குலத்தில் பிறந்தவர் என்பதை எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? சாதியின் பெயரை ஒருமுறையும் வாயால் உச்சரிக்காமலேயே சாதியின் வேலை அங்கே முடிந்துவிடுகின்றது.

அமெரிக்க நாட்டில் நிறம் செய்யும் வேலையும் இதுவே. ஆயின் அங்கே ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் எண்ணி வைத்திருக்கின்றனர். 2013-14 கல்வியாண்டில் அந்நாட்டு அரசுப் பள்ளி மாணாக்கருள் கறுப்பினத்தார் 15.5 விழுக்காட்டினர், பள்ளியினின்று இடைநீக்கம் செய்யப்பட்டோருள் அவர்கள் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர். நடுவணரசின் தணிக்கை அலுவலகம் 2018-இல் வெளியிட்ட கணக்கு இது. ‘அவர்கள் மிகுதியாகக் குற்றஞ் செய்கின்றனர், அதனால் மிகுதியாக நீக்கப்படுகின்றனர்’ என்று வாய் திறப்பார்க்குத் தெக்சாசு மாநிலத்தின் கணக்கு விடை தருகின்றது. ஏறத்தாழப் பத்து இலக்கம் மாணாக்கரின் பதிவுகளை ஏழாம் வகுப்பு முதல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சென்று ஆராய்ந்து, 2011-இல் வெளியிட்ட ஆய்வு அது. பத்தில் அறுவர் ஒருமுறையேனும் வகுப்பினின்று விலக்கப்பட்டிருந்தனர். அவ்விலக்கங்களுள், நீக்கியே ஆகவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்திய பெருங்குற்றங்களுக்குரியவை நூற்றுக்கு மூன்றே. எஞ்சியவை எல்லாம் பள்ளியின் விருப்பப்படி நிகழ்ந்தவை. கட்டாய நீக்கத்துக்குரிய பெருங்குற்றங்களில் கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளை விஞ்சவில்லை. விருப்பத்தின்பாற்பட்ட நீக்கத்திலோ, மற்றெல்லா நிலையிலும் ஒத்திருந்த வெள்ளைப் பிள்ளையைக் காட்டிலும் கறுப்புப் பிள்ளைக்கு 31 விழுக்காடு மிகுதியாக அவ்வொறுப்பு வாய்த்தது.

இதன் பொருளை ஊன்றிக் காண வேண்டும். கத்தியைக் கொண்டு வந்தான் என்பது கண்ணால் கண்டு சொல்லும் குற்றம். அதில் நிறத்துக்கு வேலை குறைவு. ‘திமிராகப் பார்த்தான்’, ‘மதிக்காமல் நின்றான்’, ‘எதிர்த்துப் பேசினான்’ என்பனவோ காண்பவர் உள்ளத்தில் உருவெடுக்கும் குற்றங்கள். ஒருவன் தலைநிமிர்ந்து நின்றால் துணிவு. அதே நிலையில் இன்னொருவன் நின்றால் திமிர். எவன் நிமிர்ந்து நிற்கலாம், எவன் நிற்கலாகாது என்று குமுகாயம் முன்னரே முடிவு செய்து வைத்திருப்பதை, ஆசிரியரின் கண் தன்னையறியாமலே படித்துவிடுகின்றது.

கண் இவ்வாறு படிப்பதையும் ஆய்ந்து காட்டியுள்ளனர். இசுட்டான்போர்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், ஒரு மாணவன் செய்த இரண்டு சிறு தவறுகளின் பதிவைப் பள்ளியாசிரியர்களிடம் படிக்கக் கொடுத்தனர். பதிவு ஒன்றே, மாணவன் பெயர் மட்டும் சிலர்க்குக் கறுப்பினத்தார்க்குரியதாகவும் சிலர்க்கு வெள்ளையர்க்குரியதாகவும் மாற்றப்பட்டிருந்தது. முதல் தவறைப் படித்தபோது ஆசிரியர்களின் கருத்தில் பெரிய வேற்றுமை இல்லை. இரண்டாந் தவறைப் படித்ததும், கறுப்புப் பெயருடையவனை இன்னுங் கடுமையாக ஒறுக்க வேண்டும் என்றனர். 2015-இல் வெளியான முடிபு இது. ஒருவன் இருமுறை தவறினால் ‘ஏதோ பிள்ளைத்தனம்’. மற்றவன் இருமுறை தவறினால் ‘இவன் பிறவியே இப்படி’. அவ்வாசிரியர்கள் கொடியவர் அல்லர், நல்லாசிரியர்களாகவே இருந்திருக்கலாம். அதுதான் அஞ்சத்தக்கது.

இங்கிலாந்திலும் இக்கதை உண்டு. மேற்கிந்தியத் தீவினரின் பிள்ளைகளை ‘அறிவுக்குறை’ உடையோர் என்று முத்திரை குத்தித் தனிப்பள்ளிகளுக்குத் தள்ளிவிடுவதை, பெர்னார்டு கோர்டு என்னும் ஆசிரியர் 1971-ஆம் ஆண்டிலேயே ஒரு சிறு நூலால் வெளிப்படுத்தினார். நீக்கம் என்று சொல்லாமல் ‘தகுந்த இடத்துக்கு மாற்றுதல்’ என்று அங்கே சொன்னார்கள். ‘வேறிடம் பாருங்கள்’ என்னும் நம்மூர்ச் சொல்லுக்கு அஃது உடன்பிறப்பு.

நம்மூர் ஆசிரியர்க்குத் தோலின் நிறம் காட்டிக் கொடுக்காததைப் பள்ளிப் பதிவேடு காட்டிக் கொடுக்கின்றது. ஆதிதிராவிடர் உதவித்தொகைக்குரியோர் எழுந்து நிற்க என்று வகுப்பு நடுவே கூவும்போது எஞ்சியது விளங்கிவிடுகின்றது. ஆசிரியர்க்கு மட்டுமன்று, உடன்பயிலும் பிள்ளைகட்கும் விளங்கிவிடுகின்றது. தென்மாவட்டங்களில் பிள்ளைகளே சாதிக்கொரு நிறமாகக் கையிற் கயிறு கட்டிக்கொள்கின்றனர். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி எனப் பிரித்தறியும் அவ்வழக்கத்தைத் தடுக்கச் சொல்லி 2019-இல் பள்ளிக்கல்வி இயக்ககம் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. பழைய நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சரே கூறிவிட, அத்தாள் தாளாகவே நின்றது.

அதன் விளைவை 2023-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் நெல்லை மாவட்டத்து நாங்குநேரி கண்டது. பன்னிரண்டாம் வகுப்பிற் பயின்ற பட்டியலின மாணவன் ஒருவனை, அவன் வீட்டுக்குள் புகுந்து, உடன்பயின்ற ஆதிக்கச் சாதிச் சிறுவர்களே அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். நாடே பதைத்தது. ஆயின் வெட்டு நிகழ்வதற்கு முன்பு நடந்ததை நாடு மறந்துவிட்டது. உடன்பயின்றோரின் தொல்லை பொறாமல் அவன் சில நாளாகப் பள்ளிக்கு வாராமல் நின்றிருந்தான். துன்புறுத்தியவர் வகுப்பில் இருந்தனர். துன்புற்றவன் வீட்டில் இருந்தான். நீக்கப்பட்டவன் யார்? பள்ளி ஏட்டில் ‘வருகையின்மை’ என்று மட்டுமே எழுதப்படும் இந்நீக்கத்துக்கு எந்தச் சட்டத்தில் பெயர் உண்டு? அவன் பிழைத்தெழுந்து தேர்வெழுதித் தேறியது அவனுடைய நெஞ்சுரம்.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நடுவர் சந்துருவின் ஒருவர் குழு, 2024 சூன் திங்களில் 610 பக்க அறிக்கையை முதலமைச்சரிடம் தந்தது. பள்ளிப் பெயர்களினின்று சாதியை நீக்குக, வருகைப் பதிவேட்டில் சாதிக்குறிப்பு வேண்டா, மாணவரை அகரவரிசையில் அமர்த்துக, உதவித்தொகைச் செய்தியை வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லற்க, ஆசிரியர்களை ஒரே இடத்தில் நெடுங்காலம் வைக்கற்க என்றெல்லாம் அது கூறிற்று. நெற்றிக்குறி பற்றிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கூச்சலிட்டோர், மற்ற 609 பக்கங்களையும் புரட்டினரா என்பது ஐயமே. விடுதிப் பெயர்களிலிருந்த சாதி 2025-இல் அகற்றப்பட்டு, ‘சமூகநீதி விடுதி’ என்று பெயரிடப்பட்டது. பெயர் மாறியது நல்லதே. நடேசனாரின் நெஞ்சம் அதை வரவேற்றிருக்கும்.

வெட்டிய சிறுவர்களைப் பள்ளியை விட்டே துரத்திவிட்டால் தீர்ந்ததா என்று கேட்பாரும் உளர். அவர்கள் செய்தது வன்கொலை முயற்சி, அதற்குரிய வழக்குமன்றம் உண்டு, ஒறுப்பும் வேண்டும். ஆனால் கையில் நிறக்கயிறு கட்டிக்கொண்டு பெருமைபேசித் திரியும் ஆயிரம் சிறுவரையும் வெளியே அனுப்பிவிட்டால், வெளியே அவர்களை வாங்கிக்கொள்ளக் காத்திருப்பது எது? சாதிச் சங்கமும் அரிவாளுமே. தெக்சாசு ஆய்வு இதையும் எண்ணிக் காட்டியது. பள்ளியின் விருப்பத்தால் விலக்கப்பட்ட பிள்ளை, அடுத்த ஆண்டே இளங்குற்றவாளிகளுக்கான முறைமன்றத்தின் கையில் விழும் வாய்ப்பு, விலக்கப்படாத பிள்ளையைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு. சாதியைக் கற்றுக்கொண்டு வந்த பிள்ளைக்கு அதை மறக்கக் கற்பிக்க ஓரிடம் உண்டென்றால் அது வகுப்பறைதான். ஊரிலும் வீட்டிலும் அவனுக்கு அப்பாடம் நடவாது.

மேற்கல்விக் கூடங்களின் நிலை இன்னும் நாகரிகமானது. ஐதராபாத்து நடுவண் பல்கலைக்கழகத்தில் பட்டியலின ஆய்வு மாணவர் ஐவர் விடுதியினின்று விலக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான உரோகித்து வெமுலா 2016 சனவரியில் உயிர் நீத்தார். நடுவண் பல்கலைக்கழகங்கள், தொழில்நுட்பக் கழகங்கள், மேலாண்மைக் கழகங்கள் ஆகியவற்றினின்று ஐந்தாண்டுகளில் 13,000-க்கு மேற்பட்ட பட்டியலின, பழங்குடி, பிற்பட்ட வகுப்பு மாணாக்கர் இடையில் வெளியேறினர் என்று 2023-இல் பாராளுமன்றத்தில் நடுவணரசே கூறிற்று. கரணியம்? மாணாக்கர்க்கு வாய்ப்புகள் பல. அவர்கள் தம் விருப்பப்படி இடம் மாறிக்கொள்கின்றனர் என்பதே அமைச்சர் தந்த விளக்கம். மறுபடியும் விருப்பம்! ஒன்பதாம் வகுப்புத் தாயின் கைந்நாட்டு முதல் பாராளுமன்றத்தின் மறுமொழி வரை அச்சொல் ஒன்றே காவல் நிற்கின்றது.

இடையே ஒன்று சொல்லத் தகும். ஆங்கிலவழிப் பள்ளிகள் பலவற்றில், பள்ளி வளாகத்துள் தமிழிற் பேசுவதும் ஒழுங்குக் குற்றமாகவே கொள்ளப்படுகின்றது. தமிழ்நாட்டுத் தலைநகரில், தமிழ்ப்பிள்ளை தாய்மொழியில் தன் தோழனை அழைத்ததற்குத் தண்டம் கட்டுகின்றது. வீட்டில் ஆங்கிலம் வழங்கும் பிள்ளைக்கு இக்குற்றம் நேராது. வீட்டில் தமிழன்றி வேறறியாத ஏழைப்பிள்ளை நாடோறும் குற்றவாளி. எது குற்றம் என்று வரையறுப்பதிலேயே எவன் குற்றவாளி என்பதும் அடங்கிவிடுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அமெரிக்காவில், உசாவலின்றி மாணவரை விலக்கியதை எதிர்த்து ஓகாயோ மாநிலத்து மாணாக்கர் தொடுத்த வழக்கில், 1975-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு உச்ச நயன்மன்றம் ஒன்றைத் தெளிவாக்கிற்று. பத்து நாள் இடைநீக்கமே ஆயினும், குற்றச்சாட்டை மாணவனுக்குச் சொல்ல வேண்டும். அவன் சொல்லையும் கேட்க வேண்டும். அவ்வளவே. அவ்வளவு சிறிய உரிமையும் இங்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கைக்கு எட்டவில்லை. எந்தப் பள்ளியிலிருந்து எத்தனை பேர், எந்த வகுப்பில், எக்கரணியத்தால், எக்குலத்தார் வெளியே சென்றனர் என்னும் கணக்கை அரசு தொகுத்து வெளியிடுவதுமில்லை. இடையில் நின்றோர் கணக்கு உண்டு. நிறுத்தப்பட்டோர் கணக்கு இல்லை. மாற்றுச் சான்றிதழ் வழங்கப்படும் ஒவ்வொரு முறையும் கரணியத்தைப் பதிந்து, மாவட்டந்தோறும் ஆண்டுதோறும் வெளியிட்டால், நூற்றுக்கு நூறு தேர்ச்சிப் பதாகைகளின் பின்புறம் எழுதப்படாதிருப்பது என்ன என்று நாடு படித்துக்கொள்ளும். கணக்கெடுத்தால் மட்டும் நோய் தீர்ந்துவிடாது என்பதும் உண்மை. அமெரிக்க அரசு 2014-இல் பள்ளிகட்கு விடுத்த நெறிமுறையை அடுத்து வந்த ஆட்சி 2018-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆயினும் எண்ணிய எண்ணை எவராலும் திரும்பப் பெற முடியவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் உள்ளன. அவற்றின் உறுப்பினருள் முக்காற் பங்கினர் பெற்றோர். பிள்ளையொன்றை வெளியேற்றும் எந்த முடிவும் அக்குழுவின் முன் வைக்கப்படாமல் நிறைவேறலாகாது என்று ஒரே ஓர் ஆணை போதும். செலவில்லாத ஆணை.

அதுவரை தோழர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பள்ளிகள் புதிய மாணவரைச் சேர்க்கும்போது மாற்றுச் சான்றிதழை வற்புறுத்தலாகாது என்றும், கட்டண நிலுவை போன்றவற்றை அச்சான்றிதழில் எழுதலாகாது என்றும் சென்னை உயர்நயன்மன்றம் 2024 சூலையில் ஆணையிட்டுள்ளது. இச்செய்தி தியாகராய நகரின் பளிங்கு மாளிகைகளில் வீட்டுவேலை செய்யும் தாய்மார்க்குத் தெரியாது. கல்வியாண்டு முடியும் திங்களில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் தாயைப் பள்ளி அழைத்திருக்கின்றது என்று கேள்விப்பட்டால், உடன் செல்க. நீட்டப்படும் தாளை வாங்கி உரக்கப் படித்துக் காட்டுக. ‘எம் விருப்பத்தின் பேரில்’ என்னும் வரி அதில் இருந்தால், கையெழுத்திட வேண்டா என்று சொல்க. நீக்குவதானால் பள்ளியே கரணியம் எழுதிக் கையொப்பமிட்டுத் தரட்டும் என்று கேட்க.